8 வாட் வால்வு ஆம்ப்புக்கு எந்த ஸ்பீக்கர்?

300பி என்ற வால்வு (கண்ணாடிக் குழாய்) ஒன்றை வைத்து சிங்கிள் எண்டட் ஆம்ப் (ஒலி அலை முழுவதையும் ஒரே வால்வு பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) செய்தால் சுமார் 8 வாட்தான் கிடைக்கும். அதற்கு 87 டெசிபல் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரா, 97 டெசிபல் ஹார்னா (கூம்பு வாய் வைத்த ஸ்பீக்கர்)? இந்த டெசிபல், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பதன் அளவு. 10 டெசிபல் கூடினால் பத்தில் ஒரு பங்கு பவர் போதும். புக்‌ஷெல்ஃப் 8 வாட்டில் தரும் சத்தத்தை ஹார்ன் 0.8 வாட்டிலேயே தந்துவிடும்.

மதுரை வெயிலுக்கு ஃபேனை நிறுத்த முடியாது, அந்த இரைச்சலையும் தாண்டிக் கேட்க வேண்டும். மதுரை சோமு கச்சேரியில் தனி ஆவர்த்தனம் சூடு பிடிக்கும்போது, வால்யூமைக் கூட்டினால் புக்‌ஷெல்ஃபில் மிருதங்கத்தின் தொப்பி (கனத்த நாதம் தரும் பக்கம்) அடி பிசிறடிக்கும். ஹார்னில் அதே அடி கணீரென்று விழும். என் ஓட்டு ஹார்னுக்குத்தான்.

ஆனால் அது பீரோ அளவு இடம் கேட்கும், ஆம்ப்பின் லேசான ஹம்மையும் (உறுமல் இரைச்சல்) காட்டிக்கொடுக்கும். சிம்மக்கல் பக்கத்துச் சின்ன அறையில், ராத்திரி கிட்டத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்பவருக்கு புக்‌ஷெல்ஃபே சரி. இம்பீடன்ஸ் (ஸ்பீக்கரின் மின்தடை, ஓம் கணக்கு) ரொம்ப இறங்காததாகப் பார்த்து வாங்குங்கள்.