குட்டை முடி நாய்க்கு ரப்பர் கிளவுஸா, டீஷெட்டிங் பிளேடா?

ஷார்ட் ஹேர் நாய்னா முடி கொட்டாதுன்னு நம்பி வாங்கிட்டு சோபா, பெட்ஷீட், கருப்பு பேன்ட் எல்லாம் முடியா பாத்து தவிக்கிறவங்க நிறைய பேர், அவங்களுக்காகத்தான் இது. கிளவுஸ்னா உள்ளங்கையில ரப்பர் முள்ளு வெச்ச கையுறை; டீஷெட்டிங் பிளேடுன்னா உதிர்ற முடிய இழுத்தெடுக்கற, சின்னச் சின்ன உலோகப் பல்லு வெச்ச சீப்பு மாதிரி கருவி.

விலை: கிளவுஸ் சில நூறு ரூபாய்ல வந்துடும். நல்ல பிளேடு ஆயிரத்த தாண்டும்.

உழைப்பு: கிளவுஸ்ல ரப்பர் முள்ளு தேஞ்சு பிஞ்சுடும். பிளேடு வருஷக்கணக்குல வரும்.

முடி எடுக்கறது: இங்கதான் விஷயமே இருக்கு. லேப், பீகிள் மாதிரி நாய்ங்களுக்கு மேல் முடிக்கு அடியில மெத்துன்னு இன்னொரு அடுக்கு இருக்கு, சீசன்ல கொத்து கொத்தா வர்றது பெரும்பாலும் அதுதான், பிளேடு அதை நல்லா இழுத்துடும், கிளவுஸுக்கு அவ்ளோ ஆழம் போகாது. ஆனா ராஜபாளையம், சிப்பிப்பாறை, பாக்ஸருக்கெல்லாம் அந்த அடி அடுக்கு கிடையாது, அதுங்க மேல பிளேட தயவுசெஞ்சு போடாதீங்க, தோல் கீறி செவந்துடும்.

சுலபம்: கிளவுஸ் தடவிக்கொடுக்கற மாதிரி இருக்கறதால நாயே வந்து நிக்கும், ஷாம்பூ போடும்போதும் தேய்க்கலாம். பிளேடு காஞ்ச உடம்புல மட்டும், முடி போற திசையில, அழுத்தாம.

லேப் வெச்சிருந்தா வாரம் ஒரு தடவை பிளேடு, மத்த நாள் கிளவுஸ். ஒத்தை அடுக்கு நாய்க்கும் குட்டிக்கும் கிளவுஸ் மட்டும் போதும். வட்ட வட்டமா சொட்டை விழுந்தாலோ சொறிஞ்சிட்டே இருந்தாலோ ரெண்டையும் ஓரமா வெச்சுட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க.