ஐந்து வருடம் சாவிக்கொத்தில் தொங்கிய இதயம்: காதலர் தினத்துக்குப் பின்னிய குரோஷே பரிசுகளில் எது நின்றது, எது போனது

என் வீட்டுக்காரரின் லோரிச் சாவியில் ஒரு சிவப்பு இதயம் தொங்குகிறது. 2021 பிப்ரவரியில் நான் பின்னியது. அப்போது அவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். கோவிடுக்காக 2020 மார்ச்சில் மூடிய மலேசிய எல்லை இன்னும் திறக்கவில்லை. நான் இருக்கும் பேரா மாநிலத்திலும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. சுங்கை சிப்புட் பட்டணத்தில் நான் நூல் வாங்கும் கடையும் பூட்டியிருந்தது. கடித உறைக்குள் தட்டையாகப் போகிற மாதிரி ஏதாவது அனுப்பவேண்டும் என்று தேடித்தான் அந்த இதயத்துக்கு வந்து சேர்ந்தேன். அதுவரை நுனியில் கொக்கி வைத்த குரோஷே ஊசியை ஒழுங்காகப் பிடித்ததுகூட இல்லை.

அன்று தொடங்கி ஒவ்வொரு பிப்ரவரியிலும் சொந்தக்காரர்களுக்கும் தோழிகளுக்கும் பின்னிக் கொடுத்து வருகிறேன். பெரும்பாலும் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் சாமான்கள்தான். அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கொடுத்ததை எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்ப்பேன். எங்கே பிரிந்திருக்கிறது, எந்த நிறம் வெளுத்திருக்கிறது, உபயோகத்தில் இருக்கிறதா, அலமாரியில் கிடக்கிறதா என்று. நாம் பார்க்கும் படங்கள் எல்லாம் பின்னி முடித்த அன்று எடுத்தவை. இரண்டாம் வருடம் அந்தப் பொருள் எப்படி இருக்கும் என்று காட்டுகிறவர்கள் குறைவு. அதனால்தான் என் கணக்கை எழுதுகிறேன்.

இதயத்திலிருந்து தொடங்குகிறேன். முறை சின்னது, ஒரே ஒரு சுற்றுதான். ட்ரெபிள் உயரமான தையல், டபுள் அதைவிடக் குட்டை, சிங்கிள் இன்னும் குட்டை. மேஜிக் ரிங், அதாவது நுனியை இழுத்தால் இறுகும் நூல் வளையம், போட்டு 3 சங்கிலி. வளையத்துக்குள் 3 ட்ரெபிள், 3 டபுள், 1 சங்கிலி. கீழ்க் கூருக்கு 1 ட்ரெபிள், 1 சங்கிலி. மறுபடி 3 டபுள், 3 ட்ரெபிள், 3 சங்கிலி. கடைசியாக வளையத்துக்குள் ஒரு ஸ்லிப் ஸ்டிச் (இணைக்கும் தையல்). நுனியை இழுத்தால் நடு மூடிக்கொண்டு இதயம் வந்துவிடும். கை பழகினால் 10 நிமிடம்.

இவை அமெரிக்கப் பெயர்கள். இதைத் தெரிந்துகொள்ளாததால் என் முதல் 4 இதயங்கள் கெட்டன. எங்கள் அம்மாவுக்குக் குரோஷே சொல்லிக்கொடுத்தவர் கான்வென்ட் பள்ளியில் படித்த ஒரு டீச்சர். அவரிடமிருந்து வந்த பெயர்கள் எல்லாம் பிரிட்டிஷ் முறை. அமெரிக்கர்கள் டபுள் என்று சொல்வதைப் பிரிட்டிஷ் முறையில் ட்ரெபிள் என்பார்கள். அமெரிக்க சிங்கிள்தான் பிரிட்டிஷ் டபுள். நான் காணொளியில் வந்த அமெரிக்க முறையை அம்மா சொன்ன டபுளையும் ட்ரெபிளையும் வைத்துப் பின்னினேன். இரண்டு தோளும் எழும்பாமல் கொட்டைப்பாக்கு மாதிரி சுருங்கிப்போயிற்று. உங்கள் இதயமும் அப்படி வந்தால் கையைக் குறை சொல்லாதீர்கள். முதலில் முறை எந்த நாட்டுப் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

நூல் அம்மாவின் பழைய பிஸ்கட் டின்னில் இருந்தது. முன்பெல்லாம் தோட்டத்து வீடுகளில் டிவி மேலும் நாற்காலி முதுகிலும் போடுவதற்குப் பின்னுவார்களே, அந்த மெர்சரைஸ்ட் பருத்தி நூல். மெல்லிசாக இருந்ததால் இரண்டு இழை சேர்த்து 2.5 மி.மீ. ஊசியில் பின்னினேன். நல்லவேளை, வேறு நூல் கிடைக்கவில்லை. இன்றைக்கு யோசித்தால் அந்த இதயம் நின்றதற்குப் பாதிக் காரணம் அந்த நூல்தான். மெர்சரைஸ்ட் என்றால் பருத்தி இழையைக் காரத்தில் பதப்படுத்தியது. இழைக்குப் பலமும் மினுமினுப்பும் கூடும், சாயத்தையும் நன்றாகப் பிடிக்கும். அதே வருடம் கடை திறந்தபிறகு அக்ரிலிக் என்ற செயற்கை நூலில் பின்னிக் கொடுத்த இதயங்கள் ஒரே வருடத்தில் மேலெல்லாம் பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரண்டு பழைய சட்டை மாதிரி ஆகிவிட்டன. சாவியோடு சேர்ந்து நாள் முழுக்க உரசும் பொருளுக்கு அக்ரிலிக் வேண்டாம்.

மீதிப் பாதிக் காரணம் முடிச்சு. இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். 2022-இல் 12 பேருக்கு இதயம் கொடுத்தேன். தீபாவளிக்குள் 5 இதயங்களின் நடு வாயைப் பிளந்துவிட்டது. மேஜிக் ரிங்கை இழுத்து மூடியதும் நுனியை ஒட்ட வெட்டியிருந்தேன். அது மெல்ல மெல்ல நழுவி வெளியே வந்திருக்கிறது. அம்மா ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பூ கட்டுறப்ப கடைசி முடிச்ச இப்படித்தான் விடுவியா?" என்று கேட்டார். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியற்காலையில் காட்டுக்குள் போய் வந்து, வெள்ளிக்கிழமைகளில் தோட்டத்துக் கோயிலுக்குச் சரமும் கட்டிக்கொடுப்பார். வாழைநாரில் கட்டும் சரம் மறுநாள் வரை ஒரு பூவையும் உதிர்க்காது. அந்த விரல்களுக்கு இறுக்கம் எவ்வளவு என்பது தானாகத் தெரியும்.

அவர் சொன்னபடி இப்போது நுனியை 15 செ.மீ. விட்டே வெட்டுகிறேன். மழுங்கல் முனை ஊசியில் கோத்து, வளையத்தைச் சுற்றி இரண்டு முறை ஓட்டுகிறேன். பிறகு வந்த வழியே திரும்பி, ஒரு தையலைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஓட்டுகிறேன். திசை மாற்றி ஓட்டிய நூல் எளிதில் நழுவாது. இதயம் பின்ன 10 நிமிடம் என்றால் இந்த வேலைக்கு 5 நிமிடம். 2023 முதல் கொடுத்த எதுவும் நடுவில் பிரியவில்லை. சீக்கிரம் முடிகிற பரிசில் மிச்சமாகும் நேரத்தை இங்கே செலவழிக்க வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து. அவர் சாவியில் தொங்கும் இதயம் மட்டும் எப்படித் தப்பியது என்றால், அது இரண்டு இதயங்களை முதுகோடு முதுகு சேர்த்துத் தைத்தது. நுனிகள் உள்ளே மாட்டிக்கொண்டன.

ரோஜாவைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். 40 சங்கிலி அளவுக்குப் போட்டு, அதன்மேல் வி வடிவத்தில் ஒரு வரிசை, அடுத்த வரிசையில் ஒவ்வொரு வி இடுக்கிலும் 5 அல்லது 6 டபுள். நாடா போல வருவதை ஒரு முனையிலிருந்து சுருட்டினால் ரோஜா. அரை மணி நேர வேலை, பார்க்கிறவர்கள் மலைத்துப்போவார்கள். ஆனால் சுருட்டியதைப் பசைத் துப்பாக்கியால் ஒட்டாதீர்கள். என் தோழி நான் கொடுத்த ரோஜாவைக் காடியின் (காரின்) முன்கண்ணாடியில் மாட்டியிருந்தாள். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காடிக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சூட்டில் உருகி ஒட்டுகிற பசை சூட்டிலேயே இளகவும் செய்யும். மூன்றே மாதத்தில் இதழ்கள் தொங்கிப்போய், பசை மஞ்சளாக வெளியே தெரிந்தது. அதே நூலில் அடிப்பாகத்தை குறுக்கும் நெடுக்குமாக ஊசியால் தைத்த ரோஜா என் சின்னம்மா வீட்டில் இன்னும் அப்படியே இருக்கிறது. நிறம் மட்டும் ஜன்னல் பக்கம் இருந்த பாதி வெளுத்து, சிவப்பு செங்கல் நிறமாகிவிட்டது. வெயில் படும் இடத்தில் சிவப்பு நிற்காது. எந்த நூலாக இருந்தாலும் இதைச் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

தண்டு வைத்த துலிப் பூங்கொத்து இப்போது பசார் மாலாம் இரவுச் சந்தையில்கூட விற்கிறார்கள். இரண்டு வருடம் நானும் செய்தேன், இனி செய்யமாட்டேன். தண்டுக்குப் பஞ்சு சுற்றிய கம்பியைத்தான் வைப்போம். நம் ஊர் ஈரக் காற்றில் அந்தக் கம்பி துருப்பிடித்து, பச்சை நூலுக்குள்ளிருந்து பழுப்புக் கறை கசிகிறது. கம்பி இருப்பதால் துவைக்கவும் முடியாது, தூசி அடைந்தால் அடைந்ததுதான். பூங்கொத்தை ஆசையாகக் கேட்கிற பெண்களுக்கு அந்த ஒரு நாள் சந்தோஷம் பெரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் தங்கச்சிக்கு அவள் மாப்பிள்ளை என்னிடம் சொல்லிப் பின்னச்சொன்ன 7 துலிப்பைப் பார்த்ததும் அவள் அழுதுவிட்டாள். ஆனாலும் உழைப்பு அதிகம், ஆயுள் குறைவு.

என் கணக்கில் முதலிடம் கோஸ்டருக்குத்தான். காதலர் தினத்துக்குப் போய் கிளாஸ் வைக்கும் துணியா என்று முகம் சுளித்தவர்கள்தான் அடுத்த வருடம் இன்னும் 4 கேட்டார்கள். தினமும் காலையில் இரண்டு பேரும் தேத்தண்ணி குடிக்கும்போது மேசையில் இருக்கும் பொருள் அது. வளையத்துக்குள் 12 டபுள், அடுத்த சுற்று 24, அதற்கடுத்து 36, பிறகு 48. சுற்றுக்கு 12 கூட்டிக்கொண்டே போனால் வட்டம் தட்டையாக வரும். கூட்டுவது குறைந்தால் கிண்ணம் மாதிரி குழியும், அதிகமானால் ஓரம் அலையும். 3 மி.மீ. ஊசியில் 4 சுற்று போதும், ஒன்றுக்கு 25 நிமிடம். இதற்குப் பருத்தி நூல் மட்டுமே. அக்ரிலிக் தண்ணீரை உறிஞ்சாது; கிளாஸில் வேர்க்கும் தண்ணீர் அதன்மேல் நின்று மேசையில் ஒழுகும்.

கோஸ்டரில் நான் பட்ட பாடு சாயம். வெள்ளை வட்டத்தில் சிவப்பு இதயம் தைத்து என் நாத்தனாருக்குக் கொடுத்தேன். முதல் துவைப்பிலேயே எல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டது. நூல் விற்ற கடைக்காரர் சாயம் போகாது என்று உறுதியாகச் சொன்னதை நம்பிவிட்டேன். இப்போது எந்தச் சிவப்பு நூலாக இருந்தாலும் ஒரு முழம் வெட்டி, ஈரமாக்கி, வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பின்ன உட்காருகிறேன். கறை வந்தால் பச்சைத் தண்ணீரில் திரும்பத் திரும்ப ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசவேண்டும். வினிகர் போட்டால் சாயம் நிற்கும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். பருத்திச் சாயத்துக்கு அது உதவாது, நானும் செய்து பார்த்து ஏமாந்தேன்.

முடிக்குக் கட்டும் ஸ்க்ரன்ச்சியும் நல்ல பரிசு. கடையில் விற்கும் ரப்பர் வளையத்தின் மேலேயே 40 சிங்கிள் சுற்றிப்போட்டு, அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் 3 டபுள். அவ்வளவுதான், தானாகக் கொசுவம் வைத்துக்கொள்ளும். வெல்வெட் நூலில் அழகாக இருக்கும் என்று ஆசைப்பட்டு வாங்கினேன். அந்த நூலில் தையல் கண்ணுக்கே தெரியாது, விரலால் தடவித் தடவித்தான் பின்னவேண்டும். பிரித்தால் உமி மாதிரி கொட்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் அதன் பக்கம் போகவேண்டாம். சாதாரண மில்க் காட்டன் போதும், 50 கிராம் உருண்டை எனக்கு மூன்றரை மலேசிய வெள்ளிக்குக் (ரிங்கிட்டுக்கு) கிடைக்கிறது. ஸ்க்ரன்ச்சியில் நூல் கெடுவதற்கு முன் ரப்பர் தளர்ந்துவிடும், என் அனுபவத்தில் ஒன்றரை வருடம்.

புத்தகக்குறி பின்னுவது சுலபம், படிக்கிறவர்களுக்குக் கொடுங்கள். குட்டிக் கரடி அமிகுருமி (பின்னிய பொம்மை) சீக்கிரம் முடியும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உடல் பாகங்களைத் தைத்துச் சேர்க்கவே எனக்கு ஒரு சாயங்காலம் போகிறது.

ஊசிக்கு ஒரு வார்த்தை. முதல் இரண்டு வருடம் இரண்டு வெள்ளி அலுமினிய ஊசியில்தான் பின்னினேன். மூன்றாம் வருடம் கட்டைவிரல் அடியில் வலி வந்து, டுலிப் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் எத்திமோ 2.5 மி.மீ. ஊசி ஒன்று வாங்கினேன். பிடி மெத்தென்று இருக்கும். விலை அதிகம்தான், ஆனால் ஒரே இரவில் 8 இதயம் பின்னியும் கை வலிக்கவில்லை. வருடத்துக்கு ஒரு முறை பின்னுகிறவர்களுக்கு அலுமினியமே போதும்.

பின்னி வைத்ததைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி வைக்காதீர்கள். மழைக்காலத்தில் பருத்தியில் கருப்புப் பூஞ்சைப் புள்ளி விழும். நான் நன்றாகக் காயவைத்து, நிழலில்தான், காகிதத்தில் சுற்றி டின்னில் வைக்கிறேன்.

இந்த வருடம், 2026-இல், தைப்பூசம் பிப்ரவரி 1, சீனப் புத்தாண்டு 17. இரண்டுக்கும் நடுவில் 14 வருவதால் தபாலில் அனுப்புகிறவர்கள் தைப்பூசம் முடிந்த கையோடு அனுப்பிவிடுங்கள். சீனப் புத்தாண்டு நெருங்க நெருங்கப் பொட்டலங்கள் குவியும்.

அவர் 2022 ஏப்ரலில் எல்லை முழுசாகத் திறந்தபிறகு வீடு வந்து சேர்ந்தார். இப்போது லிண்டாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலை ஏற்றுகிறார். இதயம் எண்ணெயும் புழுதியும் ஏறி மெரூன் நிறமாகிவிட்டது. மாதம் ஒரு முறை பாத்திரம் கழுவும் சோப்பில் கசக்கி அலசித் தருகிறேன். ஒரு ஓரத்தில் இழை தேய்ந்து மெலிந்திருப்பதைப் போன வாரம் பார்த்தேன். புதுசு பின்னித் தரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அம்மாவின் டின்னில் அந்த நூல் இன்னும் கொஞ்சம் இருந்தது. தேய்ந்த இடத்தில் மட்டும் ஓட்டி, துருப்பிடித்த இரும்பு வளையத்தை மாற்றி, சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.