எட்டுக்கால் பூச்சிகளைப் பிரித்தறிய உதவும் பத்து மடங்கு கைலென்ஸ்

விட்டத்தில் ஒட்டடை கட்டித் தலைகீழாகத் தொங்குவதையும், வால்பாறை மழைக்கால இரவுகளில் ஈரச்சுவரில் நெடுங்கால்களை அகல வைத்து நடப்பதையும் எங்கள் வீட்டில் எட்டுக்கால் பூச்சி என்றே சொல்லி வந்தோம். இரண்டும் ஒன்றுதானா என்று பார்ப்பதற்காகவே, கோவையில் ஆய்வகக் கருவிகள் விற்கும் ஒரு கடையில் 450 ரூபாய்க்கு இந்த மடக்கு லென்ஸை வாங்கினேன். ஓராண்டு பயன்படுத்திய பிறகு, கொடுத்த பணம் வீணாகவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

பார்க்க வேண்டியவை இடுப்பும் கண்களும்தான். ஒட்டடைச் சிலந்திக்குத் தலைமார்பும் வயிறும் தனித்தனியாகப் பிரிந்து, நடுவில் குறுகிய இடுப்பு இருப்பதும், நெற்றியில் நடுவே இரண்டும் இருபுறமும் மும்மூன்றுமாக எட்டுக் கண்கள் இருப்பதும் இந்த லென்ஸில் தெளிவாகத் தெரிகின்றன. ஒருநாள் பெண் சிலந்தி ஒன்று வாயில் கவ்வியிருந்த முட்டைக் கொத்தைப் பார்த்தேன். சில நூலிழைகள் மட்டுமே சுற்றியிருந்ததால் முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது.

ஈரச்சுவரில் நடந்ததோ ஓப்பிலியோனிஸ் என்னும் உயிரின வரிசையைச் சேர்ந்த ஹார்வெஸ்ட்மேன். சிலந்தியும் இதுவும் எட்டுக்கால் உயிரிகள் அடங்கிய அராக்னிடா வகுப்புதான் என்றாலும், இது சிலந்தி அல்ல. இடுப்பே இல்லாமல் உடல் மிளகு போல ஒன்றாகத் திரண்டிருக்கும். முதுகின் முன்பகுதியில் சிறு மேடும், அதன் இருபுறமும் ஒவ்வொரு கண்ணும் இருக்கும். இது நூல் நூற்பதில்லை, இதற்கு நச்சுச் சுரப்பியும் இல்லை. எல்லாவற்றிலும் நீளமான இரண்டாம் இணைக் கால்களால் வழியைத் தடவிக்கொண்டே செல்லும்.

பத்து மடங்கு லென்ஸை உயிரியிடமிருந்து ஏறத்தாழ 2.5 செ.மீ. தொலைவில் பிடிக்க வேண்டும் என்பதால், உயிரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டுப் பார்ப்பதே நல்லது. முதல் முறை ஹார்வெஸ்ட்மேனைக் காலைப் பிடித்துத் தூக்கியபோது, அந்தக் கால் கழன்று என் விரலிடுக்கில் துடித்துக்கொண்டிருந்தது. இழந்த கால் அதற்கு மீண்டும் முளைக்காது என்று பின்னர் அறிந்து மிகவும் வருந்தினேன்.

குறைகளும் உண்டு. வட்டத்தின் ஓரத்தில் லேசான நிறக்கீற்று தெரிகிறது. மடிக்கும் இடத்துத் திருகு ஆறே மாதத்தில் தளர்ந்துவிட்டது. விளக்கு இல்லாததால் இரவில் இன்னொருவர் டார்ச் பிடிக்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும், முன்பு இணையத்தில் வாங்கிய, 30 மடங்கு என்று பொறித்த மலிவான லென்ஸைவிட இது எவ்வளவோ மேல்; அதில் இடுப்பே மங்கலாகத்தான் தெரிந்தது.