அயுத்தயா படகுப் பயணம்: 9,200 பாட் கொடுத்து ஏமாந்தோம்

பாங்காக்கிலிருந்து அயுத்தயாவுக்கு ஒருநாள் படகுப் பயணம் போகவிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நேற்று எங்கள் குடும்பத்தில் நால்வர் 9,200 பாட் கொடுத்து ஏமாந்து வந்திருக்கிறோம். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

சாவ் பிரயா ஆற்றின் படகுத்துறைக்கு அருகிலுள்ள ஒரு பயண முகவர் கடையில் சீட்டு வாங்கினோம். காலையில் வேனில் அயுத்தயா, அங்கே மூன்று கோயில்கள், மதியம் படகிலேயே சைவ உணவு, பிறகு மாலை வரை ஆற்றுவழியே பாங்காக் என்று அங்கிருந்த பெண்மணி விளக்கி, வரைபடத்தில் ஆற்றின் ஒவ்வொரு வளைவையும் பேனாவால் வரைந்து காட்டினார். முழங்கால் வலியோடு நின்ற என் அம்மாவைப் பார்த்து, "இவருக்கு மேல்தளத்தில் நிழலான இருக்கை ஒதுக்கிவிடுகிறேன்" என்றார். அந்த அக்கறையை நம்பித்தான் 9,200 பாட்டையும் ரொக்கமாக எண்ணிக் கொடுத்தோம்.

1767இல் பர்மியப் படை எரித்தழிக்கும் வரை 400 ஆண்டுகளுக்கு மேல் சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) தலைநகராக விளங்கிய அயுத்தயாவில், எங்களுக்குக் காட்டப்பட்டது வாட் மகாதாத் கோயில் ஒன்றுதான். மரவேர்கள் பின்னிப் பிடித்திருக்கும் புத்தர் தலையைவிடத் தம் தலை உயராதபடி எல்லோரும் அங்கே தாழ அமர்ந்துதான் படமெடுக்க வேண்டும். அம்மா மெல்ல அமர்ந்து எழுவதற்குள் வழிகாட்டி கைதட்டி வண்டிக்கு விரட்டினார். ஆற்றங்கரையிலுள்ள வாட் சைவத்தனாராம் கோயில் பக்கம் வண்டி திரும்பவே இல்லை. பாங்காக்கை ஒட்டி வடக்கேயுள்ள நோந்தபுரி வரை வேனிலேயே கொண்டுவந்து, மேல்தளமே இல்லாத ஒரு சிறு படகில் ஏற்றி, அரைமணி நேரத்தில் இறக்கிவிட்டார்கள். சைவம் என்று கொடுத்த சோற்றில் மீன்சாற்று வாடை அடித்தது.

வழிகாட்டி கடையைக் கேட்கச் சொன்னார். கடையில் படகு நிறுவனத்தைக் கேட்கச் சொன்னார்கள். நிறுவனமோ நீர்மட்டம் உயர்ந்துவிட்டதால் பெரிய படகு போக முடியவில்லை என்றது. பெரிய படகுகள் எங்களைக் கடந்து ஆற்றின் மேல்நோக்கிப் போனதைக் கண்ணால் பார்த்தவர்களிடமே இந்தப் பதில்! கடைசியில் அதே பெண்மணி, "பயணம் போய் வந்துவிட்டீர்களே, பணம் எப்படித் திரும்பும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்று காலையிலிருந்து தொலைபேசியையும் எடுப்பதில்லை. 9,200 பாட் போனது போனதுதான் என்று விட எங்களுக்கு மனமில்லை.

நிறைய எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். படகு ஏறும் இடம், இறங்கும் இடம், நேரம் ஆகியவற்றைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கடையின் சுற்றுலாத் துறை உரிம எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். முழுத்தொகையை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். தகராறு என்றால் உடனே சுற்றுலாக் காவல்துறையை 1155இல் அழையுங்கள். நாங்களும் அங்கேதான் புகார் கொடுக்கப் போகிறோம்.