ஃபைப்ராய்டுக்கு அக்குபங்சர்: ஒன்றரை வருடம் ஊசி போட்டுக்கொண்டு பார்த்ததில்

ஸ்கேனில் ஃபைப்ராய்டு, அதாவது கருப்பைத் தசையில் வளரும் கட்டி, 4.2 சென்டிமீட்டர் என்று வந்தபோது எனக்கு வயது 43. கருப்பைச் சுவருக்குள்ளேயே இருக்கிற வகை, இன்ட்ராமியூரல் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது. புற்றுநோய் இல்லை, பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். ஆனால் மாதா மாதம் முதல் 3 நாள் மணிக்கொரு நாப்கின் மாற்றுகிறவளுக்கு அந்த ஆறுதல் வீடு போய்ச் சேரும்வரைகூடத் தாங்காது. கருப்பையை எடுத்துவிடலாமா என்ற பேச்சு வந்ததும் நான் ஓடியது அக்குபங்சருக்கு.

முதல் 3 மாதம் வாரம் இரண்டு முறை, அப்புறம் வாரம் ஒன்று. ஊசி மயிரிழை போல இருக்கும், குத்துவது கொசு கடித்த மாதிரிதான். தொப்புளுக்குக் கீழே, முழங்காலுக்குக் கீழே, கால் பெருவிரல் இடுக்கில் என்று குத்துவார்கள். எனக்கு மறக்காத இடம், உட்பக்கக் கணுக்கால் எலும்புக்கு நாலு விரல் மேலே இருக்கும் மண்ணீரல் 6 என்கிற புள்ளி. அங்கே ஊசியை லேசாகத் திருகினால் வலி என்றும் சொல்ல முடியாத ஒரு கனம் பாதம் வரைக்கும் இறங்கும். அப்படியே 25 நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். சரியாக அப்போதுதான் மூக்கு அரிக்கும்.

வலி குறைந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். முன்பு 2 நாளில் 6 வலி மாத்திரை போட்டவள், நாலாவது மாதத்திலிருந்து ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டேன். தூக்கமும் நன்றாக வந்தது. ஊசியின் வேலையா, அரை மணி நேரம் ஒருத்தரும் கூப்பிடாமல் படுத்துக் கிடந்ததன் வேலையா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

கட்டி மட்டும் சுருங்கவில்லை. எட்டாவது மாதம் 4.4, பதினெட்டாவது மாதம் 4.9. "உள்ளே கரைந்துகொண்டிருக்கிறது, பொறுமையாக இருங்கள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார் சிகிச்சையாளர். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன்கள் சுரக்கிறவரை இந்தக் கட்டி வளரலாம், மாதவிடாய் நின்றபிறகு பெரும்பாலும் தானாகவே சுருங்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதனால் ஊசியில் கரைந்தது என்று யாராவது சொன்னால் அவர்கள் வயதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2010ல் ஃபைப்ராய்டுக்கு அக்குபங்சர் பற்றிய ஆய்வுகளைத் தேடி அலசியபோது, நம்பி எடுத்துக்கொள்ளும் தரத்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஊசி போட்டதில் எனக்கு வருத்தமில்லை. இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தியதில்தான் வருத்தம். உடம்பு தானே ரத்தம் ஊறிக்கொள்ளும் என்று அந்தச் சிகிச்சையாளர் சொன்னார், மாத்திரையால் வரும் மலச்சிக்கல் தொல்லை விட்டதென்று நானும் நிறுத்திவிட்டேன். ஒரு நாள் மாடிப்படி பாதியிலேயே மூச்சு வாங்கிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 7.8. இரும்பை டிரிப்ஸில் ஏற்றினார்கள், போக்கு அதிகமான நாட்களுக்கு அதைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை கொடுத்தார்கள், அதுவும் போதாமல் கடைசியில் கருப்பைக்குள் ஹார்மோன் சுரக்கும் லூப் வைத்தார்கள். கட்டி கருப்பையின் உட்குழியைத் தள்ளாமல் இருந்ததால் அது எனக்குப் பொருந்தியது. முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்து எரிச்சல்தான், அப்புறம் அடங்கிவிட்டது. இப்போது ஹீமோகுளோபின் 11.6.

இன்றைக்கும் மாதம் ஒரு முறை ஊசிக்குப் போகிறேன், வலிக்கும் தூக்கத்துக்கும் மட்டும், வேறொருவரிடம். முதல் நாள் நாடியைப் பிடிப்பதற்கு முன்பே அவர் கேட்டது என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை.