ஓக்லஹோமா சமவெளி: வயல் வரப்பா, ஓடை அணையா?

அமெரிக்காவின் 1944 வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஓக்லஹோமாவின் வாஷிட்டா ஆற்றுப்படுகையும் சேர்ந்தது. அங்கே மண்ணரிப்பையும் வெள்ளத்தையும் தடுக்க இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, சரிவுக்குக் குறுக்கே வரப்பு. அதன் மேற்புறக் கால்வாய்க்கு 100 அடிக்கு 4 அங்குலச் சாய்வு போதும். கூடினால் கால்வாயே அரிக்கும். நீர் இறங்கும் புல்தரை வடிகாலை முதலில் அமைத்து, பெர்முடா புல் நன்றாக வேர்பிடித்த பிறகே வரப்பைப் போட வேண்டும். அவசரப்பட்டு வரிசையை மாற்றியவர்களின் வடிகால், முதல் பெருமழையிலேயே ஓடைப்பள்ளமானது. இன்னொரு ஆபத்து தாழ்ந்த இடம். டிராக்டர் ஏறி ஏறி வரப்பு ஒரு சாண் அமுங்கினால் நீரெல்லாம் அங்கே கூடி உடைக்கும். அந்த வேகத்தில் கீழ்வரப்புகளும் அடுத்தடுத்துப் போகும். ஆண்டுதோறும் உழும்போது மண்ணை வரப்பின் மேல் புரட்டினால் உயரம் நிற்கும்.

மற்றது, ஓடைத்தலைப்பில் சிறு மண் அணை. முதல் அணை கிளவுட் கிரீக் ஓடையில் 1948இல் எழுந்தது. வெள்ளத்தைத் தேக்கிக் குழாய் வழியே மெல்ல விடும். மிஞ்சியது புல் போர்த்திய கலங்கலில் வழியும். குழாயை ஒட்டிய மண்ணைச் சரியாகக் கெட்டிப்படுத்தாவிட்டால் கசிவு அணையையே குடையும். கரையில் மரம் வளரவிடக் கூடாது.

கீழ்நிலத்து வெள்ளத்துக்கு அணைதான் மருந்து, வரப்பு போதாது. ஆனால் மேல்நிலம் அரித்தால் அணை வண்டலால் தூர்ந்துவிடும். அதனால்தான் சிறு நீர்ப்பிடிப்புகளுக்கான 1954 வெள்ளத் தடுப்புச் சட்டம், அணைக்கு மேலுள்ள நிலத்தில் பாதிக்காவது மண்காப்பு ஒப்பந்தம் கேட்டது. முதலில் வரப்பு, பிறகே அணை.