பழைய பியட்டின் உள்பக்கத் தகரத்துக்கு பெயிண்ட்: சிங்காநல்லூர் ஷெட் எப்படி?

காரின் வெளிப்பக்கத்துக்கு பெயிண்ட் அடிக்க கோவையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. உள்பக்கத் தகரத்துக்கு என்று கேட்டால்தான் பாதிப் பேர் "சீட் கவர் மாத்துனா எல்லாம் மறைஞ்சுடுங்க" என்று தட்டிக்கழிக்கிறார்கள். இப்போது வரும் வண்டிகளில் உள்ளே எல்லாமே பிளாஸ்டிக், அதனால் இந்த வேலை தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். என்னுடையது 1970 மாடல் பியட் 1100டி. டேஷ்போர்டு தகரம், கியர் லீவர் மாட்டியிருக்கும் ஸ்டீயரிங் குழாய் தகரம், கதவுக் கண்ணாடியைச் சுற்றிய சட்டம் தகரம். உட்கார்ந்தால் கை எட்டும் தூரத்தில் இருப்பது பெரும்பாலும் பெயிண்ட்தான். இந்த வேலைக்காக சிங்காநல்லூர் பக்கம் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு ஷெட்டில் வண்டியை விட்டேன். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

இதற்கு முன் வேறொரு கடையில் பழைய பெயிண்டை மேலாகத் தேய்த்து, மீட்டரைச் சுற்றி நியூஸ் பேப்பர் ஒட்டி, அப்படியே அடித்துக் கொடுத்திருந்தார்கள். டெலிவரி எடுக்கும்போது பளபளவென்றுதான் இருந்தது. ஒரு கோடை தாண்டவில்லை. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த டேப்பை எடுத்தால் டேப்போடு பெயிண்டும் தோல் மாதிரி உரிந்து வந்தது.

இந்த ஷெட்டில் நடந்ததே வேறு. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு சீட், கதவு பேட், கைப்பிடி, மீட்டர், சுவிட்சு, கண்ணாடி ரப்பர் என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்கள். எந்த ஸ்க்ரூ எந்தக் கதவுடையது என்று தனித்தனி கவரில் போட்டு, மேலே மார்க்கரால் எழுதி வைத்தார்கள். பியட்டுக்கு ஒரிஜினல் கிளிப் தொலைந்தால் தேடி அலையவேண்டும் என்பது தெரிந்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். டேஷ்போர்டைத் தேய்க்கும் முன்பே துணியில் கிரீஸ் ரிமூவர் நனைத்துத் துடைத்தார் பெயிண்டர் அண்ணன். நனைந்த துணியால் ஒரு தடவை, அது காயும் முன் உலர்ந்த வேறு துணியால் ஒரு தடவை. இரண்டாவது துணியை மடிப்பு மாற்றி மாற்றிப் பிடித்தார், பழுப்பாக ஒரு பிசுக்கு அதில் ஏறிக்கொண்டே இருந்தது. சர்வீஸ் செய்யும்போதெல்லாம் டேஷ்போர்டு பாலீஷ் என்று அடித்துவிடுகிறார்களே, அதிலிருக்கும் சிலிக்கோன் கலந்த அழுக்குதான் அது. துடைக்காமல் எமரி ஷீட்டை வைத்தால் அது தேய்த்த கீறலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் அந்த இடத்தில் ஒட்டாமல் ஒதுங்கிக் குட்டிக் குட்டிக் குழியாக நிற்கும். வெளிப்பக்க வேலை மட்டுமே செய்து பழகியவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. வெளியே போனட், கதவெல்லாம் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பவர், உள்ளே 180, 320 நம்பர் என்று எல்லாமே தண்ணீர் விடாமல் தேய்க்கும் டிரை பேப்பர்தான் போட்டார். ஏன் என்று கேட்டேன். "உள்ள தண்ணி விட்டா அது எந்த மடிப்புல போய் நிக்கும்னு நமக்கே தெரியாதுங்க தம்பி" என்றார். சரியான பேச்சு. இந்த வண்டியின் துரு முழுக்க அப்படி நின்ற தண்ணீரால் வந்ததுதான். முன் கண்ணாடி ரப்பர் காய்ந்து, மழைத் தண்ணீர் கால் வைக்கும் இடத்துக்கு இறங்கி, ரப்பர் மேட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த தார் ஷீட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் தங்கியிருக்கிறது. மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. ஹீட் கன் காட்டி தார் ஷீட்டைச் சுரண்டி எடுத்தபோது டிரைவர் பக்கம் கைநகத்தால் குத்தினாலே ஓட்டை விழுகிற நிலைமையில் இருந்தது. அந்த இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்தார்கள். பட்டி வைத்து மூடும் பேச்சே அவர்களிடம் இல்லை.

மற்ற இடங்களில் மேல் துருவை வயர் பிரஷால் எடுத்துவிட்டு, பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவினார்கள். இதில் ஒரு எச்சரிக்கை. அந்த அமிலத்தைச் சரியாகத் துடைத்து எடுக்காமல் மேலே எபாக்சி பிரைமர் அடித்தால் பிரைமர் ஒழுங்காக இறுகாது, பிடிப்பும் வராது. இங்கே ஈரத்துணியால் துடைத்து, காற்று அடித்து உலர்த்தி, வெயில் இறங்கும் முன் பிரைமர் போட்டுவிட்டார்கள். வெறும் தகரத்தை இரவு முழுக்க விட்டால் காலையில் மறுபடி லேசாகத் துரு பூத்திருக்கும் என்று அவசரப்பட்டார்கள்.

நிறம் கண்டுபிடித்த விதம் அழகு. இந்த வண்டியைத் தயாரித்த மும்பை குர்லா பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட், கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் வெயில் படாத மடிப்பில் அப்படியே இருந்தது, நடுவில் அடித்தவர்கள் யாரும் அங்கே கை வைக்கவில்லை. அந்தப் பெயிண்ட் துண்டை பெயிண்டர் அண்ணன் மிக்சிங் கடைக்கு எடுத்துப்போய் அதற்குச் சேரும்படி, ஹார்டனர் கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் கலக்கி வாங்கினார். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் விலை குறைவு, சீக்கிரம் காயும், ஆனால் எப்போது தின்னர் பட்டாலும் கரையும். கை படும் இடத்துக்கு பி.யூ.தான் சரி. முழுப் பளபளப்பு வேண்டாம், வெயிலில் முன் கண்ணாடியில் நிழலடிக்கும் என்று சொன்னேன், பளபளப்பைக் குறைக்கும் மேட் கலந்து பாதிப் பளபளப்பில் கொடுத்தார். அந்த நிதானமான மினுக்கு இந்த வண்டிக்கு அத்தனை பொருத்தமாக இருக்கிறது.

குறைகளும் உண்டு. ஆஷ் ட்ரே உட்காரும் வெட்டின் ஓரத்தில் பெயிண்ட் தடிமனாகி ட்ரே உரசுகிறது. சொன்ன தேதிக்கு வண்டி கிடைக்காது, போனையும் எடுக்க மாட்டார்கள், நேரில் போய்த்தான் நிற்கவேண்டும். எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது வேறு. பெயிண்டர் அண்ணன் நல்ல கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டிருந்தார், ஆனால் உடன் நின்ற பையன் மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தான். பி.யூ. ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, மூச்சில் போனால் ஆஸ்துமா வரை கொண்டுபோய் விடும், அதுவும் கார் உள்ளே மாதிரி அடைசலான இடத்தில் துணியெல்லாம் எதற்கும் ஆகாது. சொன்னேன், தலையாட்டினார்கள். அங்கே வண்டி விடுபவர்கள் நீங்களும் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு மாஸ்க் வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வெல்டிங், பொருள், கூலி எல்லாம் சேர்த்து ரூ. 32,000 ஆனது. பாதிக்கு மேல் கழற்றுவதற்கும் தேய்ப்பதற்கும்தான், அதில் பேரம் பேசாதீர்கள். அம்பாசிடர், பியட், ஜீப் மாதிரி உள்ளே தகரம் தெரியும் வண்டிக்கு தைரியமாகக் கொடுக்கலாம். வண்டி வந்ததும் ரப்பர் மேட்டை உடனே போட்டு மூடாமல் கொஞ்ச நாள் கதவைத் திறந்து வைத்து வாடை போகவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போக வேண்டாம், காற்றில் ஈரம் இருக்கும்போது உள்வேலை எடுப்பதில்லை என்று அவர்களே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.